சுறாமீனும் பாதரசமும்

மீன் நல்ல உணவு என்பதை நாம் யாவரும் அறிவோம். உடல் வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும், அயோடின் சத்தும், மூளைக்கும் கண்ணுக்கும் உகந்த கொழுப்பும் அதில் உண்டு. கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு மீன் இல்லாத சாப்பாடு சாப்பாடாகவே தோன்றாது. மீன்களிலும் சுறாவுக்குத் தனி மதிப்பு உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கும் என்று பால் சுறாவைப் புட்டாகச் செய்து கொடுப்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். யாழ்ப்பாணத்தில் இதையே வறையாகச் செய்து கொடுப்பர். முள் தொண்டையில் சிக்காது என்பதால் சிறு குழந்தைகளுக்கும் ஊட்டுகிறோம்.

ஆனால், 2004ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகமும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும் கூட்டாக ஓர் அறிவுரை வெளியிட்டன. கருவுற்ற பெண்களும், பாலூட்டும் தாய்மாரும், சிறு குழந்தைகளும் சுறாவை உண்ணலாகாது என்பதே அது. நாம் யாருக்காகச் சுறாவைத் தேடி வாங்குகிறோமோ, அவர்களுக்கே அது ஆகாது என்கிறது அந்த அறிவுரை! இதற்குக் காரணம் யாது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடலுக்குள் பாதரசம் வரும் வழி

பாதரசம், ஈயம், காட்மியம் முதலியவை கன உலோகங்கள் எனப்படும். இரும்பும் துத்தநாகமும் சிறிதளவு நம் உடலுக்குத் தேவை. பாதரசத்தாலோ உடலுக்கு யாதொரு பயனும் இல்லை, தீங்கே உண்டு. பாறைகளிலும் நிலக்கரியிலும் அது இயற்கையாகவே அமைந்திருக்கிறது. எரிமலைகள் சிறிதளவைக் காற்றில் கக்குகின்றன. மனிதன் நிலக்கரியை எரிப்பதாலும், சிறு சுரங்கங்களில் பாதரசத்தைக் கொண்டு தங்கத்தைப் பிரிப்பதாலும் இன்னும் மிகுதியாகக் காற்றில் கலக்கிறது. பின்னர் மழையோடு இறங்கி ஆற்றையும் கடலையும் சேருகிறது.

கடலில் உள்ள சிலவகைப் பாக்டீரியாக்கள் இந்தப் பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்னும் கூட்டுப்பொருளாக மாற்றிவிடுகின்றன. இதுவே கொடியது. உணவோடு வயிற்றுக்குள் சென்றால் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் கலந்து, மூளை வரை சென்றுவிடும்.

சிறு மீனிலிருந்து பெருமீனுக்கு

கடல் நீரில் மெத்தில் பாதரசம் மிக மிகச் சொற்பமே. அப்படியானால் சுறாவில் மட்டும் ஏன் இவ்வளவு? உணவுச் சங்கிலியே இதற்கு விடை.

கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் நீரிலிருந்து அதை ஈர்க்கின்றன. அப்பாசிகளைக் கூனியும், கூனியைச் சாளையும், சாளையைச் சீலாவும், சீலாவைச் சுறாவும் உண்கின்றன. ஒவ்வொரு மீனும் தன் வாழ்நாளில் பல்லாயிரம் சிறு உயிர்களை உண்கிறது. உண்ட இரையின் சத்து செலவாகிவிடுகிறது. பாதரசமோ எளிதில் வெளியேறாமல் தசையிலேயே தங்கிவிடுகிறது. வரவு மிகுதியாகவும் செலவு குறைவாகவும் உள்ள கணக்கில் இருப்பு ஏறிக்கொண்டே போவதை ஒத்தது இது. பெரிய கொன்றுண்ணி மீன்களின் தசையில் உள்ள அளவு, அவை நீந்தும் நீரில் உள்ளதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும்.

சுறா இச்சங்கிலியின் உச்சியில் நிற்பது. பல ஆண்டுகள் வாழ்வது. ஆகவே, வயதும் உருவமும் கூடக்கூட அதன் உடலில் பாதரசமும் கூடுகிறது. சாளையும் நெத்திலியும் சங்கிலியின் கீழ்ப்படியில் இருப்பவை, குறுகிய ஆயுளுடையவை. எனவே அவற்றில் பாதரசம் சேரக் காலமே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நஞ்சு மீனின் தோலிலோ கொழுப்பிலோ தனியே ஒதுங்கி நிற்பதன்று; தசையிலுள்ள புரதத்தோடு பிணைந்திருப்பது. மஞ்சள் தடவி அலசினாலும், அவித்தாலும், பொரித்தாலும் போகாது. கருவாடாக உலர்த்தினால் நீர் வற்றிவிடுவதால், எடைக்கு எடை பார்க்கும்போது நஞ்சின் அளவு கூடுமேயன்றிக் குறையாது.

மினமாட்டா கற்பித்த பாடம்

மீன் வழியே பாதரசம் மனிதரைத் தாக்கும் என்பதை உலகம் அறிந்தது ஜப்பான் நாட்டில்தான். கியூஷு தீவில் மினமாட்டா என்ற கடற்கரை ஊர் உள்ளது. அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் பாதரசம் கலந்த கழிவு நீரைக் கடலில் விட்டுவந்தது. 1950க்குப் பிறகு அவ்வூர்ப் பூனைகள் வெறிபிடித்தாற்போல் சுழன்றாடிக் கடலில் விழுந்து மடிந்தன. 1956 ஏப்ரலில், ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு சிறுமி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அடுத்து அவள் தங்கையும் அதே நோய்க்கு ஆளானாள். அவ்வாண்டு மே 1ஆம் நாள் இந்நோய் பற்றி அரசின் சுகாதார அலுவலகத்துக்கு அறிக்கை சென்றது. மீனே உணவாக வாழ்ந்த மீனவக் குடும்பங்களே பெரிதும் பாதிக்கப்பட்டன.

1959இல் குமாமோட்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காரணம் பாதரசமே என்று அறிவித்தனர். எனினும் 1968இல்தான் அந்த உற்பத்தி நின்றது. அரசும் அவ்வாண்டிலேயே உண்மையை ஏற்றது. 2,200க்கும் மேற்பட்டோர் நோயாளிகள் என அரசால் ஏற்கப்பட்டனர்.

இவற்றுள் நெஞ்சை உருக்கும் செய்தி ஒன்றுண்டு. நோய்க்குறி அதிகம் தென்படாத தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் மூளை பாதிக்கப்பட்டிருந்தனர். தாயின் நச்சுக்கொடி கருவை நஞ்சிலிருந்து காக்கும் என்றே அக்கால மருத்துவர்கள் நம்பியிருந்தனர். மருத்துவர் ஹராடா மசசுமி இதை ஆராய்ந்தார். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேழையில் பாதுகாப்பது ஜப்பானியர் வழக்கம். அக்கொடிகளைச் சோதித்தபோது அவற்றில் மெத்தில் பாதரசம் இருந்தது! தாயின் உடலில் சேர்ந்த நஞ்சைக் கரு வாங்கிக்கொண்டது என்பது விளங்கிற்று.

மினமாட்டாவில் கலந்தது மிகப் பெரிய அளவு. சுறா உண்பவருக்கு அந்நோயே வந்துவிடும் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் சிறிய அளவும் கருவைப் பாதிக்கலாம் என்பதை ஃபரோ தீவுகளில் நடந்த ஆய்வு காட்டியது. அங்குள்ளோர் உண்ணும் திமிங்கில இறைச்சியிலும் சுறாவைப் போலவே பாதரசம் மிகுதி. 1986, 1987ஆம் ஆண்டுகளில் பிறந்த சுமார் ஆயிரம் குழந்தைகளை ஏழாம் வயதில் சோதித்தனர். பிறக்கும்போது கொடி இரத்தத்தில் பாதரசம் கூடுதலாக இருந்த குழந்தைகள், மொழித்திறனிலும் நினைவாற்றலிலும் கவனத்திலும் சற்றே பின்தங்கியிருந்தனர். பார்வைக்கு அவர்கள் நலமுள்ள குழந்தைகளே. குறை வெளியே தெரியாததால்தான் இதில் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

ஒரு சிறு கணக்கு

தோழியரே, கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மெத்தில் பாதரசம் ஒருவரின் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் வரையே ஒரு வாரத்தில் செல்லலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு 2003இல் வரையறுத்தது. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 80 மைக்ரோகிராம். (ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோகிராம்.)

அமெரிக்காவில் சோதித்த சுறாக்களில் சராசரியாகக் கிலோவுக்குச் சுமார் 980 மைக்ரோகிராம் பாதரசம் இருந்தது. அதாவது, 100 கிராம் சுறாவில் 98 மைக்ரோகிராம். ஒரு வேளைப் புட்டிலேயே ஒரு வார அளவு தாண்டிவிடுகிறது! சாளை இனத்திலோ கிலோவுக்குச் சராசரி 13 மைக்ரோகிராம்தான். அதே 80 மைக்ரோகிராம் சேர வேண்டுமானால் வாரத்துக்கு ஆறு கிலோ சாளை உண்ண வேண்டும். அது நடக்கக்கூடியதா?

நம் கடலில் பிடிபடும் சிறிய பால் சுறாவில் பெருஞ்சுறாவில் உள்ள அளவு பொதுவாக இராது. ஆனால் துண்டு போட்டு விற்கும்போது அது எந்தச் சுறா, எத்தனை வயது என்று நாம் எப்படி அறிவது?

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, மீனையே வெறுக்கக் கூடாது. மீன் உணவு கருவின் மூளை வளர்ச்சிக்கு நல்லது. மீனைத் தெரிந்தெடுப்பதே அறிவுடைமை. மத்தி என்னும் சாளை, நெத்திலி, காணாங்கெளுத்தி போன்ற சிறு மீன்கள் விலையும் மலிவு, சத்தும் மிகுதி.

இரண்டாவதாக, கருவுற்றவருக்கும் பிள்ளை பெற்றவருக்கும் சிறு குழந்தைகளுக்கும் சுறாவைத் தவிர்ப்போம். தாய்க்குத் தேவை புரதச்சத்து. அதைச் சாளைப் புட்டும், முட்டையும், பருப்பும் தரும். தாய்ப்பாலை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அதற்கு ஈடான உணவு குழந்தைக்கு வேறில்லை.

மூன்றாவதாக, உடலில் சேர்ந்த மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். ஆகவே தாய்மையை எதிர்நோக்கும் பெண்கள் கருவுறுவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே கவனமாக இருத்தல் நன்று. மற்றவர்கள் சுறாவை எப்போதாவது சிறிதளவு உண்பதால் அச்சமில்லை.

பாதரசத்தைக் குறைப்பதற்கென்றே 2013இல் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதற்கு மினமாட்டா உடன்படிக்கை என்றே பெயர். 2018இல் இந்தியாவும் அதை ஏற்று உறுதிசெய்தது. அரசுகள் செய்ய வேண்டியது அது. அடுக்களையில் செய்ய வேண்டியது நம்முடையது.

பால் சுறா தேடிக் கொடுத்த நம் பாட்டிமாரின் எண்ணம், தாயும் சேயும் நலமாக இருக்க வேண்டும் என்பதே. அந்த அன்பைக் கைவிடாமல், மீனை மட்டும் மாற்றிக்கொள்வோம். விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும் மாணவியர் இச்செய்தியைத் தம் அன்னையரிடமும் பாட்டிமாரிடமும் பணிவோடு எடுத்துச் சொல்வார்களாக!