கரும்பு இனித்த ஊரில் கிரீன் டீ

நம்பிக்கைகளும் உண்மைகளும்

காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிடும். படகிலிருந்து கூடை இறங்க இறங்க, சைக்கிளில் டீ கேன் கட்டியவர்கள் கூட்டத்துக்குள் புகுந்து வருவார்கள். ஐஸில் கைவிட்டு மரத்துப்போன விரல்களுக்கு அந்தச் சின்னப் பேப்பர் கப்பின் சூடுதான் முதல் ஆறுதல். போன மாதம் மீன் வாங்கப் போனபோது, கூடை வைத்திருந்த அக்கா ஒருவர் டீயை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து ஒரு கிரீன் டீ பாக்கெட்டை எடுத்தார்.

"சுடுதண்ணி மட்டும் ஊத்து நைனா."

"இன்னாக்கா, புதுசா இருக்கு?" என்றேன்.

"எகிறுல ரத்தம் வருதுப்பா. பொண்ணு செல்லுல பாத்துட்டு வாங்கியாந்துச்சு. இத்தக் குடிச்சா பல்லு கெட்டியாவுமாம்." சொல்லிவிட்டு டீக்காரரிடம் திரும்பினார். "ரெண்டு ஸ்பூன் சக்கர போடு. கசக்குது."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு ஸ்பூனைப் பற்றியது. அதற்கு முன் பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுவோம்.

நம்பிக்கை: கிரீன் டீ குடித்தால் ஈறில் ரத்தம் வருவது நின்றுவிடும்.

இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளியை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 49 முதல் 59 வயதுக்குட்பட்ட 940 ஆண்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தை, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை விட்டுப் பல் மருத்துவர்கள் அளப்பார்கள். 3 மி.மீ. வரை சாதாரணம். 4 மி.மீ. ஆகிவிட்டால் ஈறு நோய் என்று கவலைப்பட ஆரம்பிப்பார்கள். தினமும் குடிக்கும் ஒவ்வொரு கப் கிரீன் டீக்கும் அந்தப் பள்ளம் சராசரியாக 0.023 மி.மீ. குறைவாக இருந்தது. தொட்டால் ரத்தம் கசியும் இடங்களும் கப் ஒன்றுக்கு 0.63 சதவீதம் குறைவு.

0.023 மில்லிமீட்டர் என்பது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. ஐந்து கப் குடித்தாலும் ஒன்றிரண்டு முடியளவுதான் தேறும். அதுவும் ஒரே சமயத்தில் எல்லோரையும் சோதித்து எடுத்த கணக்கு. டீயால் ஈறு நன்றாக இருந்ததா, உடம்பைப் பேணுகிறவர்கள் டீயும் குடித்தார்களா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. லாபம் இல்லை என்று சொல்லவரவில்லை. லாபம் அந்த அளவுதான்.

அந்த லாபத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது தேயிலையில் உள்ள கேட்டசின் என்ற பொருட்கள். சொத்தைக்கு வழிசெய்யும் கிருமியையும் ஈறை அரிக்கும் கிருமியையும் ஆய்வகக் கண்ணாடித் தட்டில் அவை அடக்குகின்றன. பல்லில் ஒட்டவிடாமலும் தடுக்கின்றன. ஆனால் தட்டில் எச்சில் ஊறுவதில்லை. வாயில் ஊறுகிறது. குடித்து முடித்த கொஞ்ச நேரத்துக்குள் கேட்டசினில் பெரும்பகுதி எச்சிலோடு தொண்டைக்குள் இறங்கிவிடும். 2002-இல் ஜப்பானில் ஒரு குழு கேட்டசினைப் பட்டையாகச் செய்து ஈறுப் பள்ளத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்தது. நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அந்த நோயாளிகளுக்குக் காறையைச் சுரண்டிச் சுத்தமும் செய்திருந்தார்கள். விளம்பரங்களில் இந்தப் பாதி காணாமல் போய்விடுகிறது.

இந்தக் காறையைப் புரிந்துகொள்ளக் காசிமேட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டிவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கொட்டலசு கல்லாகிப்போன பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உதிருமா? பல்லிலும் அதே கதைதான். துலக்காமல் விட்ட அழுக்கோடு எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து கல்லாக இறுகுகிறது. அது இறுகிய பிறகு பிரஷ்ஷுக்கும் அசையாது, உப்புத் தண்ணீருக்கும் கரையாது, கிரீன் டீக்கும் மசியாது.

நம்பிக்கை: கிளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும்.

கிரீன் டீக்கு நம் பக்கத்தில் இவ்வளவு மவுசு வருவதற்கு உண்மையான காரணம் இந்தப் பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுரண்டாமல் தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்ற நிம்மதி.

கொட்டலசைச் சுரண்டியதும் பலகையில் ஒரு விரிசல் தெரிகிறது என்று வையுங்கள். சுரண்டியவர் உண்டாக்கியதா அது? காறை ஈறைக் கீழே தள்ளி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை ஆண்டுக்கணக்கில் கரைத்திருக்கும். பல் அப்போதே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் காறை சிமென்ட்டைப் போலப் பிடித்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. எடுத்ததும் நாக்கு இடைவெளியைத் தடவிப் பார்க்கிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது. பெரும்பாலும் அந்தக் கூச்சம் சில நாளில் அடங்கும். வீங்கிய ஈறு மெல்ல இறுகும். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்ற பயத்தையும் இதே குப்பைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

நம்பிக்கை: சாதா டீ பல்லைக் கெடுக்கும், கிரீன் டீ மூலிகை.

இரண்டும் ஒரே செடியின் இலை. பறித்ததும் சூடாக்கிக் கறுக்காமல் நிறுத்தினால் கிரீன் டீ. நசுக்கிக் காற்றில் கறுக்கவிட்டால் நம் கடை டீ. கறுக்கும்போது கேட்டசினில் பெரும்பகுதி வேறு பொருட்களாக மாறுகிறது. மிஞ்சியதிலும் கொஞ்சத்தைப் பாலின் புரதம் பிடித்துக்கொள்கிறது. வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மூலிகைக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசம் இல்லை.

வடசென்னைக்குப் பச்சைத் தேநீர் சூப்பர் மார்க்கெட்டோடு வந்ததும் இல்லை. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணிகள் அரசுடைமையான பிறகு, தமிழர்கள் கப்பல் கப்பலாக நம் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கிறார்களே, அது அந்த வழி வந்ததுதான். பர்மாவில் தேநீர்க்கடை மேசைமேல் வெறும் பச்சைத் தேநீரைப் பிளாஸ்கில் காசில்லாமல் வைப்பது வழக்கம். பால் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. அத்தோ நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. சர்க்கரை இல்லாத அந்தத் தேநீர் மட்டும் ஒட்டவில்லை.

இப்போது அந்த இரண்டு ஸ்பூனுக்கு வருவோம். திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தில் வாசல் டீக்கடைகளைப் பாருங்கள். உள்ளே போகுமுன் ஒன்று, கேன்டீனில் இரண்டு, வெளியே வந்து ஒன்று, வீட்டில் ஒன்று. ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் நான்கைந்து கிராம் என்றால் நாளுக்கு 40 முதல் 50 கிராம் சர்க்கரை டீயில் மட்டுமே போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன உச்ச வரம்பு, நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு எல்லாம் சேர்த்துச் சுமார் 50 கிராம். அதில் பாதியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது.

பல்லுக்கு அளவைவிடத் தடவைதான் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போனதும் கிருமிகள் அதைத் தின்று அமிலம் கக்கும். சில நிமிடத்தில் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும் அளவுக்குப் புளிப்பு ஏறும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். ஐந்து டீ என்றால் ஐந்து தடவை. நைட் ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க ஒரே டீயை முக்கால் மணி நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தால், பல் சரியாவதற்கு நேரமே கிடைக்காது. கிரீன் டீயில் சர்க்கரை போட்டாலும் கிருமி பாக்கெட்டின் பெயரைப் படித்துப் பார்க்காது.

திருவொற்றியூரில் கடலோரம் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கையில் ஏந்தித் திரிந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது கதை. இந்த ஊரில் இனித்தது. அவருக்குக் கசப்பு தானாக இனித்தது. நாம் ஸ்பூன் போட்டு இனிக்க வைக்கிறோம். கிரீன் டீயால் பல்லுக்குப் பெரிய லாபம் என்று ஒன்று இருந்தால், அது இலையில் இருப்பதைவிட, அது வந்ததால் கோப்பையை விட்டுப் போன சர்க்கரையில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: சர்க்கரைதான் கெடுதல், தேனும் எலுமிச்சையும் நல்லது.

தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். வெல்லத்துக்கும் கிருமி அதே மரியாதை தரும். எலுமிச்சை அமிலம் நேராகவே மேற்பூச்சை மென்மையாக்கும். குடித்த கையோடு பல் துலக்கினால் தேய்ந்துபோகும், அரை மணி நேரமாவது பொறுங்கள்.

நம்பிக்கை: கிரீன் டீ கறை படியாது.

படியும். கடை டீயைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

நம்பிக்கை: மாவா, சிகரெட் போட்டாலும் கிரீன் டீ கழுவிவிடும்.

இதைத் துறைமுக லாரி ஸ்டாண்டில் ஒரு தம்பி சொன்னார். வாய் நாற்றம் கிரீன் டீயால் உடனே குறைகிறது, உண்மைதான். சோதித்துப் பார்த்ததில் ஒரு மணி நேரத்துக்குள் பழையபடி ஆகிவிட்டது. புகையிலை செய்யும் வேலையை எந்த டீயும் அழிக்காது.

"எனக்குதான் எகிறுல ரத்தமே வரலையே" என்பார்கள் புகைபிடிப்பவர்கள். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால், ஈறு உள்ளே அழுகிக்கொண்டிருந்தாலும் ரத்தம் காட்டாது. காட்டியிருந்தால் சீக்கிரம் பயந்து ஓடியிருப்பார்கள். மாவாவில் இருக்கும் பாக்கும் சும்மா இல்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்திருக்கிறது. காரம் பட்டால் வாய் எரிகிறதா, மூன்று விரலை நெட்டுக்கு நிறுத்தி வாய்க்குள் விட முடியவில்லையா, ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரம் தாண்டி இருக்கிறதா? டீயை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நம்பிக்கை: டீயில் புளோரைடு இருக்கிறது, பேஸ்ட் தேவையில்லை.

தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது உண்மை. தர்மபுரி, கிருஷ்ணகிரியில் தண்ணீரிலேயே அது மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அங்கே லிட்டர் கணக்கில் டீ குடிப்பது யோசிக்க வேண்டிய விஷயம். நம் பக்கம் நிலைமை வேறு. காட்டுப்பள்ளியில் 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. வீட்டில் ஆர்ஓ மெஷின், இல்லையென்றால் கேன் தண்ணீர். இப்படி வடிகட்டும்போது புளோரைடும் பெரும்பாலும் போய்விடும். ஆகவே புளோரைடு உள்ள பேஸ்ட்டால் இரவிலும் ஒருமுறை துலக்குவதை எந்த டீக்காகவும் விட வேண்டாம்.

ஏலத்தில் பார்த்த அந்த அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "சக்கர இல்லாம குடிங்க, ஒருதபா பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வாங்க" என்று மட்டும் சொன்னேன். "அது எங்க கீது?" என்று கேட்டார். உங்களுக்கும் அதே கேள்வி இருந்தால்: 1953-இல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் கிளையாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம். காலையிலேயே போய்விடுங்கள்.