பரிசல் ஓட்டுவது எப்படி?

ஒகேனக்கல்லுக்கு டூர் போய் வந்தவங்க எல்லாரும் பரிசல் சுத்தினதைத்தான் பெருமையா சொல்றாங்க. அது ஏன் சுத்துது, எப்படி நேரா போகுதுன்னு யாரும் கேக்கிறதில்லை. எங்கப்பா பரிசல் ஓட்டுபவர். அவரிடம் கேட்டும், கரையோரத்தில் நானே துடுப்புப் போட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பரிசல் மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டமான படகு. குறுக்களவு சுமார் 7 அடி. முன்பெல்லாம் அடியில் மாட்டுத்தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தார் பூசுகிறார்கள். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் முழங்கால் அளவு தண்ணியிலும் போகும்.

நாம் படித்த ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை இதற்குப் போட்டுப் பார்த்தேன். 7 அடி என்பது சுமார் 2.1 மீட்டர். ஆரம் 1.05 மீட்டர். பரப்பு சுமார் 3.46 சதுர மீட்டர். அப்படியானால் பரிசல் 10 செ.மீ. அமிழும்போது 346 லிட்டர் தண்ணீரை விலக்கும். பரிசலின் எடையையும் சேர்த்து 346 கிலோ தாங்கும். அதற்கு மேல் 60 கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் இன்னும் மூன்றரை செ.மீ. இறங்கும். "இவ்ளோதானா?" என்று தோணும். அலை அடிக்கிற இடத்தில் அந்த மூன்றரை செ.மீ.யால்தான் தண்ணி உள்ளே வரும்.

வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால் பக்கத்தில் துடுப்புப் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுத்தும். போக வேண்டிய திசையைப் பார்த்து உட்கார்ந்து, துடுப்பை எட்டி முன்னால் இறக்கி, நம்மை நோக்கி இழுக்க வேண்டும். ஒரு இழுப்பு கொஞ்சம் இடமாக, அடுத்தது கொஞ்சம் வலமாக. "தண்ணியைத் தள்ளாதே பாப்பா, தண்ணிகிட்ட பரிசலை இழுத்துட்டுப் போ" என்பார் அப்பா. எனக்கு இது பிடிபடவே ரொம்ப நாள் ஆச்சு. தோள்தான் வலிக்கும்.

கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். இரண்டு பாறைக்கு நடுவில் தண்ணி வழவழப்பாக, கூர்முனை கீழ்நோக்கி இருக்கும்படி அம்பு போல ஓடினால் அது வழி. கூர்முனை மேல்நோக்கி, நம்மைப் பார்த்து இருந்தால் அந்த முனையில் பாறை மறைந்திருக்கு. பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணி எதிர்த்திசையில் திரும்பி வரும். ஓட்டத்திலிருந்து ஒதுங்கி மூச்சு வாங்க அந்த இடம் உதவும். ஆனால் நுழையும்போது இரண்டு ஓட்டமும் சேரும் கோட்டில் பரிசல் வெடுக்கென்று திரும்பும். அப்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது.

பரிசல் பாறையில் மோதினால் எல்லாரும் பயந்து பாறைக்கு எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அதுதான் ஆபத்து. அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்து, வருகிற தண்ணி உள்ளே ஏறி, கவிழ்த்துவிடும். பாறைப் பக்கமே சாயணும்.

தவறி விழுந்தால் வேகமான தண்ணியில் எழுந்து நிற்கப் பார்க்காதீங்க. இடுப்பளவுதான் இருந்தாலும் பாறை இடுக்கில் கால் சிக்கினால், தண்ணி முதுகில் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். நீச்சல் நல்லாத் தெரிந்தவர்களுக்கும் இதே கதிதான். மல்லாந்து படுத்து, காலைக் கீழ்நோக்கி நீட்டி, விரல்கள் மேலே தெரியும்படி மிதக்கணும். வேகம் குறைந்த இடம் வந்ததும் கரையைப் பார்த்துச் சாய்வாக நீந்தணும். லைஃப் ஜாக்கெட்டை வெயிலுக்குக் கழற்றி மடியில் வைத்திருந்தால் இது எதுவும் நடக்காது.

செய்தியில் "பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கனஅடி" என்று சொல்வார்களே, அது ஒரு விநாடிக்கு வருகிற தண்ணி. 1 கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். நம்ம ஊரில் ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் கர்நாடகாவில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளைத் திறந்தால் இங்கே ஆறு ஏறும். தண்ணி கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வர ஆரம்பித்தால் அப்பா துடுப்பைக் கரையில் வைத்துவிடுவார். அன்றைக்குக் கூலி இல்லை. பக்கத்தில் உள்ள படம் நான் வரைந்தது. அம்புக்குறி தண்ணி ஓடும் திசை.