ஒரு சைக்கிளும் ஒரு தராசும்

ஒரு தகப்பனுக்கு நெடுநாளைக்குப் பிறகு வேலை கிடைக்கிறது. சுவர்களில் விளம்பரத்தாள் ஒட்டும் வேலை. சொந்தச் சைக்கிள் இருந்தால்தான் அந்த வேலை. சைக்கிளோ அடகுக் கடையில். மனைவி கட்டில் விரிப்புகளை உருவிக் கட்டி, அவற்றை அடகு வைத்துச் சைக்கிளை மீட்டுக் கொடுக்கிறாள். வேலையின் முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. தகப்பனும் சிறுவயது மகனும் ரோம் நகரத் தெருக்களில் அதைத் தேடி அலைகிறார்கள்.

1948இல் இத்தாலியில் வெளிவந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தின் கதை இதுதான். நெறியாளர் விட்டோரியோ டி சிக்கா. திரைக்கதையில் முக்கிய பங்கு செசாரே சவாட்டினியுடையது.

பின்னணி

இரண்டாம் உலக யுத்தம் 1945இல் முடிந்தபோது இத்தாலி சிதைந்து கிடந்தது. ரோம் நகரின் பெரிய படப்பிடிப்பு நிலையமான சினெசிட்டாவில் அகதிகள் தங்கியிருந்தார்கள். நெறியாளர்கள் கமராவைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்கள். ரொபேர்ட்டோ ரொசெலினி 1945இல் 'ரோம், திறந்த நகரம்' எடுத்தார். லுகினோ விஸ்கொன்டி 1948இல் சிசிலித் தீவின் மீனவர்களையே நடிக்க வைத்து, அவர்களுடைய பேச்சுமொழியிலேயே 'பூமி அதிர்கிறது' எடுத்தார். டி சிக்காவின் படத்தில் தகப்பனாக வருபவரும் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரே.

உண்மையான இடம், சாதாரண மனிதர், அன்றாடச் சிக்கல் ஆகிய மூன்றும் சேர்ந்த இப்போக்கை நவயதார்த்தவாதம் என்கிறோம்.

எப்படிப் பார்ப்பது?

அடகுக் கடைக் காட்சியைக் கவனியுங்கள். விரிப்பு மூட்டையை வாங்கிய ஊழியர் அதை வைக்க உயரமான தட்டுகளில் ஏறுகிறார். கமராவும் அவரோடு மேலே போகிறது. தட்டு நிறைய, கூரை வரை, மற்றவர்களின் மூட்டைகள். ஊரே வறுமையில் இருக்கிறது என்று எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. நாமே கண்டுகொள்கிறோம்.

முடிவில் தகப்பன் தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று பிடிபடுகிறான். மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அழுதுகொண்டு நடக்கும் தகப்பனின் கையை அந்தச் சிறுவன் பிடித்துக்கொள்கிறான். படம் அவனை நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ தீர்ப்புச் சொல்வதில்லை. சைக்கிளை விடப் பெரிய ஒன்று, பிள்ளை முன் ஒரு தகப்பனுக்குள்ள மரியாதை, அங்கே பறிபோகிறது.

நம் பக்கம்

1950இல் லண்டனில் இப்படத்தைப் பார்த்த சத்யஜித் ராய், 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார். சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்டூடியோக்களை நம்பியிருந்த காலத்தில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ'வைக் கிராமத்துக்கே போய் எடுத்தார். தர்மசேன பத்திராஜ 1977இல் 'பொன்மணி'யை யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்தார். மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை 1975இல் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' திரைக்குக் கொண்டு வந்தது. ஆயினும் நமது லயங்களை அவ்வளவு பொறுமையோடு பார்த்த படங்கள் மிகக் குறைவு.

மாணவிகளுக்கு ஒரு பயிற்சி

பசறையிலோ நமுனுகுலையிலோ ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரம். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த கிலோ சேராவிட்டால் அரைப்பேர்தான். தராசு முள் நிற்கப் போகிறது. பாடசாலை விட்டு வந்த மகள் பக்கத்தில் நிற்கிறாள்.

இத்தாலியத் தகப்பனுக்குச் சைக்கிள் எதுவோ, இந்தத் தாய்க்கு அந்த முள் அது. இந்தக் காட்சியைப் பத்து வரிகளில் எழுதுங்கள். 'பாவம்', 'ஏழை', 'கண்ணீர்' என்ற சொற்கள் வரக்கூடாது. கமரா யார் முகத்தில் நிற்க வேண்டும், தாயிடமா மகளிடமா? ஏன்? எழுதுவதற்கு முன் தோட்டத்துத் தோழியின் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். கேளாமல் எழுதினால் பொய் கலந்துவிடும்.

பெற்றோர்களே, இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். முடிந்ததும், அந்த மகன் ஏன் கையைப் பிடித்தான் என்று மகளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலில் உங்களை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பதும் தெரிய வரலாம்.