ஆஸ்பத்திரிக்கென்று தனிப் பணம்



வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் முதலில் கழல்வது எது? வீட்டுக்காரியின் கம்மல்தானே! அதுவும் போதாவிட்டால், வயசான காலத்துக்கென்று தபாலாபீசில் மாதாமாதம் கட்டிவரும் ஆர்.டி.யை முடித்துவிடலாமா என்று மனசு அலையும். அவசரப்படாதீர்கள்.

வைத்தியச் செலவுக்கென்றே அங்கு தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். 500 ரூபாய் போதும். அது எப்போதும் இருப்பில் இருக்கணும். இருவர் பேரிலும், யார் கையெழுத்துப் போட்டாலும் பணம் எடுக்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள். அவர் வெளியூரில் இருக்கும்போது பிரசவ வலி கண்டால், கையெழுத்துக்கு அவரைத் தேட முடியுமா?

ராத்திரியில் தபாலாபீஸ் திறந்திருக்காது. 108 வண்டிக்குக் காசு வேண்டாம். கைச்செலவுக்குக் கொஞ்சம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கட்டும்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால், 12 தவணை தவறாமல் கட்டிய ஆர்.டி.யின் பேரில் இருப்பில் பாதிவரை கடன் கிடைக்கும். அறுவடை முடிந்ததும் வட்டியோடு அடைத்துவிடுங்கள்.