முன்னால் ஒரு படி

நுழையும்முன்

வரிசையின் இறுதியில் ஒன்றைச் சேர்ப்பது எளிது. முதலில் சேர்ப்பது அத்துணை எளிதன்று. கணினியின் நினைவகத்தில் இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றுகிறது, அதனை அறியாது எழுதப்படும் நிரல் எத்தகைய இழப்பை விளைவிக்கும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் திருத்தணி. எல்லைச் சீரமைப்பின் பயனாக 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இங்குள்ள குன்றின்மேல் விளங்கும் முருகன் கோயிலுக்குச் செல்லும் 365 படிகள் ஓராண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். டிசம்பர் 31ஆம் நாள் நிகழும் படித் திருவிழாவில் அடியார்கள் படிதோறும் திருப்புகழ் பாடி ஏறுகின்றனர்.

அப்படிகளுக்கு அடிவாரத்திலிருந்து எண் இடப்பட்டுள்ளதாகக் கொள்வோம். உச்சியில் ஒரு படி கூடினால் அது 366 என்னும் எண்ணைப் பெறும். பிற எண்கள் மாறா. அடிவாரத்தில் கூடினாலோ, புதிய படி முதலாம் படியாகும். பழைய 365 படிகளின் எண்களும் ஒவ்வொன்று உயரும். கணினியியல் கூறும் 'அணி'யிலும் இந்நிலையே காணப்படுகிறது.

அணி என்பது செய்யுளுக்கு அழகைக் குறிப்பது போலவே வரிசையையும் குறிக்கும். அணிவகுப்பு என்னும் சொல்லில் அப்பொருளைக் காணலாம். கணினியியலில் அணி என்பது, ஒரே வகைத் தரவுகளை நினைவகத்தில் இடைவெளியின்றி அடுத்தடுத்து வைக்கும் அமைப்பாகும். அதன் முதல் உறுப்பின் சுட்டெண் பல மொழிகளில் 0 ஆகும். அணி 1000 என்னும் முகவரியில் தொடங்கி, ஒவ்வோர் உறுப்பும் 4 பைட்டு இடம் கொண்டால், சுட்டெண் 5 உடைய உறுப்பு 1020 என்னும் முகவரியில் இருக்கும். ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போதும். எந்த உறுப்பையும் உடனே அடையலாம். ஆனால், இடமே எண்ணாக அமைவதால், எண் மாறும்போது தரவும் இடம்பெயர வேண்டும்.

10, 20, 30 என்னும் எண்களும் இறுதியில் ஒரு வெற்றிடமும் கொண்ட அணியின் முதலில் 5 என்னும் எண்ணைச் சேர்க்க வேண்டும் எனக் கொள்வோம். முதலில் 30, அடுத்து 20, பின்னர் 10 எனக் கடைசியிலிருந்து ஒவ்வோர் இடம் நகர்த்திய பிறகே 5 அமர இடம் கிடைக்கும். முறை மாறி 10 முதலில் நகர்ந்தால், அது 20 இருந்த இடத்தில் எழுதப்படும். அவ்வாறே தொடர்ந்தால் 5, 10, 10, 10 என்பதே எஞ்சும். 20, 30 ஆகியவை அழிந்துவிடும். கணினி இதனைப் பிழையெனச் சுட்டாது. இடப்பட்ட கட்டளையை நிறைவேற்றி அமையும்.

ஓராண்டின் மழையளவை, புதிய நாள் முதலில் வருமாறு நாள்தோறும் அணியின் முன்னால் சேர்த்தால், 0 முதல் 364 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையாகிய 66,430 நகர்த்தல்கள் நிகழும். அதே பதிவுகளை இறுதியில் சேர்த்துவந்து, ஆண்டு முடிவில் ஒருமுறை தலைகீழாக்கினால் 182 இடமாற்றங்களே போதும். பதிவுகள் பத்து மடங்கானால், முதல் முறையின் உழைப்பு ஏறத்தாழ நூறு மடங்காகும். இரண்டாவது முறையின் உழைப்போ பத்து மடங்கே ஆகும்.

முன்னால் சேர்த்தலே இடையறாது தேவைப்படுமாயின் வேறு தரவு அமைப்புகள் உள்ளன. இணைப்புப் பட்டியலில் ஒவ்வோர் உறுப்பும் அடுத்த உறுப்பின் முகவரியைத் தன்னுடன் வைத்திருக்கும். புதிய உறுப்பு பழைய முதல் உறுப்பைச் சுட்டினால் போதும், எதுவும் நகராது. எனினும், நூறாம் உறுப்பை அடைய முந்தைய தொண்ணூற்றொன்பதையும் கடக்க வேண்டும். சி++, பைத்தான் ஆகியவற்றில் 'டெக்' எனப்படும் இருமுனை வரிசை, இரு முனைகளிலும் விரைந்து சேர்க்க இடந்தருகிறது.

ஆகவே, ஒரு தரவு எங்கே சேர்க்கப்படும், எவ்வாறு தேடப்படும் என்பவற்றை முன்னரே எண்ணி அமைப்பைத் தேர்தல் நிரலாளரின் முதற்கடமையாகும்.

கற்பவை கற்றபின்

எட்டு மாணவரை வரிசையாக நிறுத்தி, முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் சேர்த்துப் பார்க்க. ஒவ்வொரு முறையும் எத்தனை பேரின் வரிசை எண் மாறுகிறது எனக் கணக்கிட்டு எழுதுக.