காரோட அடிப்பக்கம் பத்திரம், கண்ணு!

விர்டஸ் ஜிடி வாங்கினதும் நீ என்கிட்ட முதல்ல கேட்டது செராமிக் கோட்டிங் பத்தி. பெயின்ட்ல கோடு விழுந்தா பாலிஷ் போட்டுக்கலாம் கண்ணு. அடியில ஒரு கல்லு பட்டு ஆயில் சம்ப், அதான் இன்ஜின் ஆயில் தேங்குற தொட்டி, உடைஞ்சா, சில நிமிஷத்துல இன்ஜினே சீஸ் ஆயிடும். செலவு பண்ண கையில காசு இருந்தா முதல்ல வண்டியோட அடிப்பக்கத்துக்குப் பண்ணு.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. பழக்கமான ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வண்டியை லிஃப்ட்ல ஏத்தச் சொல்லிக் கீழே நின்னு நிமிர்ந்து பாரு. முன் பம்பருக்குப் பின்னாடியே ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் இருக்கும். கொஞ்சம் தள்ளி ஆயில் சம்ப், அதோட டிரெயின் போல்ட். அங்கேயிருந்து பின்பக்கம் வரைக்கும் சைலன்ஸர் குழாய். வண்டியோட அடித்தகட்டை ஒட்டியே பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் ஓடும். இதுல எது எல்லாத்தையும் விடத் தாழ்ந்து தொங்குதுன்னு மெக்கானிக்கை விரல் வச்சுக் காட்டச் சொல்லு. ரோட்டுல கல்லு முதல்ல தட்டப்போறது அந்த இடத்தைத்தான்.

உன் வண்டிக்குக் கம்பெனி சொல்ற கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர். அது காலி வண்டிக்கான கணக்கு. அஞ்சு பேர் ஏறி, டிக்கியும் நிறைஞ்சா நல்லாவே இறங்கிடும். இந்த நிலையில லோயரிங் ஸ்பிரிங் போட்டு இன்னும் 30 மில்லிமீட்டர் குறைக்கிறதுல எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்ல. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல மட்டும் ஓடுற வண்டிக்கு அது சரி. தினமும் அவினாசி ரோட்டுல ஆபீஸ் போயிட்டு வர்ற வண்டிக்கு வேண்டாம்.

இன்ஜினுக்கு அடியில கம்பெனி பிளாஸ்டிக் தட்டு இருந்தா, அதைக் கண்ணா பாத்துக்கோ. பிளாஸ்டிக்தானேன்னு நிறைய பேர் அலட்சியமா விடுறாங்க. பெல்ட்டு மேல சேறும் சின்னக் கல்லும் அடிக்காம தடுக்கிறதும், அடியில காத்தை ஒழுங்கா நழுவ விடுறதும் அந்தத் தட்டுதான். ஆயில் மாத்தும்போது கழட்டி மாட்டுறப்போ ரெண்டு கிளிப், ஒரு ஸ்குரூ காணாம போறது சகஜம். அப்புறம் ஹைவேல வேகமா போறப்போ முன்விளிம்புல காத்து புகுந்து, தட்டு தொங்கி, ரோட்டுல உரசிக் கிழியும். ஒவ்வொரு சர்வீஸ் முடிஞ்சதும் வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு விளிம்பைக் கையால ஆட்டிப் பாரு. கிளிப் விலை ரொம்பக் குறைச்சல்; ஒரு செட் வாங்கி வண்டிலயே போட்டு வை.

அடிக்கடி கிராமத்து ரோட்டுலயும் மலை ரோட்டுலயும் போறவங்களுக்குப் பிளாஸ்டிக் மட்டும் போதாது, உலோக கார்டு வேணும். நான் அலுமினியம்தான் சொல்வேன். 80-க்கு 60 சென்டிமீட்டர்ல 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போட்டா சுமார் 11 கிலோ வரும். அதே அளவுக்கு 4 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 5 கிலோதான். ஸ்போர்ட்ஸ் வண்டியோட மூக்குல தேவையில்லாம பாரம் ஏத்தாதே; அலுமினியம் துருவும் பிடிக்காது. ஃபேப்ரிகேஷன் கடையில அளவெடுத்துப் பண்ணச் சொன்னா சில விஷயத்துல கறாரா இரு. தகடு சம்ப்பை ஒட்டக் கூடாது, நடுவுல ரெண்டு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கணும். ஒட்டி இருந்தா, கல்லு தகட்டுல அடிக்கிற அடி நேரா சம்ப்புக்குப் போகும், கார்டு போட்டே பிரயோஜனம் இல்ல. போல்ட்டை சப்ஃபிரேம்ல கொடுக்கணும்; பம்பர்லயோ சம்ப்போட போல்ட்லயோ தொங்க விடக் கூடாது. சூடு வெளியேறவும் தண்ணி வடியவும் துளை வேணும், டர்போ வண்டிக்கு இது ரொம்ப அவசியம். டிரெயின் போல்ட்டுக்கு நேரா ஒரு துளை விட்டுட்டா ஆயில் மாத்துற ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழட்ட வேண்டியதில்ல. முன்னால பலமா மோதினா இன்ஜின் கீழ்ப்பக்கமா இறங்கட்டும்னு வடிவமைச்ச வண்டிகள் உண்டு, அதனால கனமான தகட்டைக் கண்ட இடத்துல வெல்டிங் வச்சுடாதே. வாரன்டி பாதிக்குமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோ.

பம்பர் கிரில்லுக்குப் பின்னாடி ஒரு மெல்லிய உலோக வலையும் கட்டச் சொல்லு. கண்டென்சரோட இதழ் காகிதம் மாதிரி மெலிசு, பறந்து வர்ற ஜல்லிக்குத் தாங்காது.

எத்தனை தகடு போட்டாலும் ஓட்டுற கைதான் பெரிய பாதுகாப்பு. வேகத்தடையையே எடுத்துக்கோ. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அந்த அளவுல போட்டிருந்தா உன் வண்டி உரசாமலே ஏறி இறங்கும். ஊருக்குள்ள அவங்கவங்க வீட்டு முன்னாடி போட்டு வச்சிருக்கிறது பாதி அகலம்கூட இல்லாம கூம்பா நிக்குது, பெயின்ட்டும் கிடையாது. அங்கே நிறைய பேர் பிரேக்கை மிதிச்சபடியே ஏறுறாங்க. பிரேக் பிடிச்சா வண்டி மூக்கு தாழும், சம்ப் சரியா மேட்டுல இடிக்கும். மேட்டுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடு; முன்சக்கரம் ஏறுற நேரத்துல பிரேக்கை விட்டுடு. எதிர்ல வண்டி வரலைன்னா கொஞ்சம் சாய்வா, ஒவ்வொரு சக்கரமா ஏத்து. நாலு பேர் உட்கார்ந்திருந்தா ரெண்டு பேரை இறங்கி நடக்கச் சொல்றதுல வெட்கமே வேண்டாம்.

ஹைவேல லாரியோட ரீட்ரெட் டயர் பிஞ்சு பட்டை பட்டையா கிடக்கும். உயரமான வண்டிக்காரங்க அதை ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விட்டுப் போவாங்க. நீ அப்படிப் பண்ணாதே. அந்தப் பட்டையில இரும்புக் கம்பி இருக்கும், உன் வண்டிக்கு அடியில சுழண்டு பிரேக் பைப்பைப் பிடுங்கிடும். முன் வண்டிக்கும் உனக்கும் குறைஞ்சது மூணு செகண்டு இடைவெளி விட்டாத்தான் கிடக்கிறது என்னன்னு தெரிஞ்சு, கண்ணாடியைப் பாத்து விலக முடியும். ஜல்லி லோடு லாரிக்குப் பின்னாடி போகவே போகாதே.

இன்னொண்ணு, இதைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல. அறுவடைக் காலத்துல ஊர்ப்பக்கம் கொள்ளு, உளுந்து, எள்ளுச் செடிகளை ரோட்டுல பரப்பிடுவாங்க, வண்டிங்க ஏறி மிதிச்சுத் தானியம் உதிரட்டும்னு. களம் இல்லாத விவசாயிக்கு அது வேற வழியில்லாத வேலை, அவங்களைத் திட்டாதே. ஆனா தாழ்வான கார் அது மேல போனா காஞ்ச கொடி ஆக்சில்ல சுத்திக்கும், சைலன்ஸர் மேலயும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பக்கத்துலயும் போய் அடைச்சுக்கும். நல்லா ஓடின வண்டியில கன்வெர்ட்டரோட உள்சூடு 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். இப்படிச் சுத்தின கொடி பத்தி எரிஞ்சு முழு வண்டியும் கருகின சம்பவங்கள் தமிழ்நாட்டுல நடந்திருக்கு. வேற வழி இருந்தா சுத்திப் போ. இல்லன்னா விளிம்புல இடம் பாத்து மெதுவா கடந்து, தாண்டினதும் நிறுத்தி, எரியிற வாடை வருதான்னு பாத்துட்டு, சூடு ஆறினதும் குச்சியால இழுத்துப் போடு. கொடி சிக்கின வண்டியைக் காஞ்ச புல்லு மேல நிறுத்தக் கூடாது.

அண்டர்பாடி கோட்டிங் துருவுக்கு நல்லது, கல்லடிக்கு ஓரளவுதான். சைலன்ஸர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ், தண்ணி வடியிற துளை இதுமேல எல்லாம் படாம அடிக்கச் சொல்லு. ஏற்கெனவே துரு இருந்தா சுரண்டாம அடிக்க விடாதே. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் அரிக்கும். வாட்டர் சர்வீஸ் விடும்போது அடியிலயும் சக்கரத்துக்கு மேல இருக்கிற லைனர்லயும் ஒட்டின சேத்தைக் கழுவச் சொல்லு.

நீயே அடியில பாக்கணும்னா ரேம்ப் வாங்கிக்கோ. வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே தலையை விடவே விடாதே கண்ணு, இதை நான் கெஞ்சிக் கேக்குறேன்.

எல்லாம் பாத்தும் ஒரு நாள் 'டங்'குனு சத்தம் வரும். வந்தா ஓரமா நிறுத்திக் குனிஞ்சு பாரு, ஆயில் சொட்டுதான்னு. ஆயில் பிரஷர் சிவப்பு விளக்கு எரிஞ்சா, ஒர்க்‌ஷாப் கண்ணுக்கு எதிர்ல தெரிஞ்சாக்கூட அதுவரைக்கும் ஓட்டாதே. பத்திரமான இடத்துல உடனே நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணு, ரெக்கவரி வண்டியைக் கூப்பிடு. அலுமினிய சம்ப்புன்னா விரிசல் விடும், ஆயில் கண்ணுக்குத் தெரியும். இரும்பு சம்ப்பு ஒழுகாம உள்ள நசுங்கி, ஆயில் உறிஞ்சுற குழாயோட வாயை அடைச்சுடும். அதனால சொட்டு ஒழுகலைன்னாலும் அன்னைக்கே லிஃப்ட்ல ஏத்திப் பாத்துடணும்.

சம்ப் உடைஞ்ச பிறகும் ஓட்டி இன்ஜின் சீஸ் ஆனா, சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி அந்த இன்ஜின் செலவைத் தராது. தொடர் நஷ்டம்னு சொல்லித் தள்ளிடுவாங்க. ஆயில் ஒழுகலால வர்ற இன்ஜின் சேதத்துக்கு 'இன்ஜின் புரொடெக்ட்'னு தனியா ஒரு சேர்க்கை இருக்கு. உன் பாலிசியை இன்னைக்கு ராத்திரியே எடுத்து, அது இருக்கான்னும், என்னென்ன நிபந்தனைன்னும் படிச்சுப் பாரு. இல்லன்னா அடுத்த ரெனியூவல்ல கட்டாயம் சேத்துடு.