ஆஃபர் லெட்டரில் 'ஷல்' எங்கே இருக்கிறது?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் சம்பளத்துக்குத்தான் போகும். போகட்டும். அதைப் பார்த்து முடித்ததும் ஒரு பென்சிலை எடுத்து, 'ஷல்' வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். 'மே' வரும் இடங்களில் அடிக்கோடு போடுங்கள். யார் எதற்குக் கட்டுப்பட்டவர் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு சொற்களிலேயே தெரிந்துவிடும்.

வழக்கமாகத் தென்படும் ஒரு ஜோடியைப் பாருங்கள். வேலையை விடுவதானால் ஊழியர் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும், அங்கே 'ஷல்'. அதற்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொண்டு நிறுவனம் முன்கூட்டியே விடுவிக்கலாம், அங்கே 'மே'. நீங்கள் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். போனஸ் பற்றிய வரியிலும் 'மே' இருந்தால், இன்டர்வியூவில் கேட்ட வாய்வார்த்தையை நம்பி வீட்டுக்கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள். கையெழுத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: "இந்த 'மே'யை 'ஷல்' என்று மாற்றித் தர முடியுமா, மேடம்?" மறுத்தாலும் நிலவரம் புரிந்துவிடும்.

பேச்சில் 'ஷல்' மென்மையான சொல்தான். 'ஷல் வி?' என்று டீக்குக் கூப்பிடுகிறோம். தன்மையில் நிற்கும்வரை அப்படி. முன்னிலைக்கும் படர்க்கைக்கும் போனால் வாக்குறுதியாகவோ மிரட்டலாகவோ ஆகிவிடும் என்று ஜான் வாலிஸ் 1653-ல் தன் ஆங்கில இலக்கணத்தில் விதியாகவே எழுதினார். ஷேக்ஸ்பியருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. 'கோரியலேனஸ்' நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், மக்கள் பிரதிநிதி சிசினியஸ் வாயிலிருந்து ஒரு 'ஷல்' வருகிறது. கோரியலேனஸ் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கொதிக்கிறான். சாமானியர்களின் ஆள் பிரபுக்களுக்கு உத்தரவு போடுவதா என்பதுதான் அவன் ஆத்திரம். மேலதிகாரிக்கு 'யூ ஷல்' என்று மெயில் அனுப்பும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் காட்சியை அவசியம் படிக்க வேண்டும்.

சாஃப்ட்வேர்த் துறையில் இருப்பவர்களுக்கு, 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2119 என்ற சில பக்க ஆவணம் போதும். அதன்படி 'ஷல்'லும் 'மஸ்ட்'டும் ஒன்றே, தப்ப வழியில்லை. 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்து, விளைவை முழுதாக எடைபோட்டபின் விலகலாம். 'மே' அவரவர் விருப்பம். கிளையன்ட் அனுப்பும் ரெக்வயர்மென்ட் டாக்குமென்டில் 'ஷுட்' இருந்தால், செய்தே ஆக வேண்டியதா, செய்தால் நல்லதா என்று மெயிலிலேயே கேட்டு பதில் வாங்கி வையுங்கள்.

அம்பத்தூரிலோ ஓசூரிலோ குவாலிட்டி பிரிவில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஐ.எஸ்.ஓ. தரநிலைகளில் 'ஷல்' கட்டாயம், 'ஷுட்' பரிந்துரை. தரநிலையைக் காட்டி ஆடிட்டர் குறை எழுதினால், "எந்தக் கிளாஸில் 'ஷல்' இருக்கிறது, சார்?" என்று பணிவாகக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நீதிமன்றத்துக்குப் போனால் மட்டும் இந்தப் பென்சில் வட்டம் போதாது. அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 320-வது பிரிவு 'ஷல்' போட்டே சொல்கிறது. ஆனால் 1957-ல் மன்போதன் லால் ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கே அது வழிகாட்டுதல்தான், ஆலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாமல் போகாது என்றது. அமெரிக்காவிலும் குழப்பம்தான். அங்கே உரிமையியல் நடைமுறையின் 56-வது விதியில் 2007-ல் 'ஷல்'லை எடுத்துவிட்டு 'ஷுட்' வைத்தார்கள். 2010-ல் 'ஷல்'லையே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே வேலையே போகும் அளவுக்கு விவகாரம் முற்றினால் தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.

நீங்களே எழுதும்போது, 'இட் ஷல் பி டன்' என்பதைத் தவிர்த்துவிடுங்கள். செய்ய வேண்டியவர் யார் என்பதே அதில் இல்லை. ஆளையும் தேதியையும் போட்டு 'மஸ்ட்' என்று எழுதுங்கள்: வெண்டர் இன்வாய்ஸை ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அனுப்பியாக வேண்டும்.